சமையல்காரர் மீது பழி போடாதீர்கள்

ஓட்டல் சாப்பாடு விஷமாகி ஓர் உயிர் போய்விட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கு மனப்பாடம். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மாவட்டம் முழுக்க ரெய்டு போவார்கள். கெட்டுப்போன கோழிக்கறியைக் கிலோ கணக்கில் கொட்டி அழிப்பார்கள். கடைக்கு சீல் விழும். கூடவே ஒரு பேச்சும் கிளம்பும்: எல்லாம் வேலையாட்களின் அலட்சியம். ஒரு நாள் வகுப்பு எடுத்தாயிற்று, கையுறையும் தொப்பியும் கொடுத்தாயிற்று, சான்றிதழையும் சுவரில் மாட்டியாயிற்று. அதற்குப் பிறகும் தப்பு நடந்தால் அது அவர்கள் திமிர். முதலாளிகள் இப்படி நம்புகிறார்கள். சாப்பிடப் போகிற நாமும் நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறு. அடுத்த சாவுக்கு வழி திறந்து வைப்பதும் இதுதான்.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில், கண்டாமன் என்ற கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையல்காரப் பெண் தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறார். அதையே ஊற்றிச் சமைக்கும்படி பதில் வந்தது. சமைத்த அந்தப் பெண்ணும் சாப்பிட்டு மருத்துவமனையில் கிடந்தார். 2016இல் தலைமை ஆசிரியைக்குத் தண்டனை கிடைத்தது. அந்தச் சமையலறையில் அலட்சியமாக இருந்தவர் சமையல்காரரா? அவர் கவனித்தார், வாய் திறந்தும் சொன்னார். "இதை ஊற்ற மாட்டேன்" என்று கரண்டியைக் கீழே வைக்கிற அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை. எந்த வகுப்பில் அதைக் கற்றுக்கொடுக்கிறோம்?

உணவுப் பாதுகாப்புக்கு உலகம் முழுக்க அடிப்படையாக இருக்கும் ஹசாப் முறை 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களின் உணவுக்காக உருவானது. செய்து முடித்த உணவைச் சோதித்துப் பார்த்து மட்டும் பாதுகாப்பை உறுதி செய்ய முடியாது, எந்தக் கட்டத்தில் ஆபத்து நுழையுமோ அந்தக் கட்டத்தைக் காவல் காக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அளவு மீறினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது அதன் ஏழு கோட்பாடுகளில் ஒன்று. அடுப்பின் முன்னால் நிற்பவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். முதலாளிக்கு போன் போட்டு, அவர் எடுக்கும்வரை காத்திருந்து, "பரவாயில்லை, ஓட்டு" என்ற பதிலை வாங்குவதற்குப் பெயர் முறையே அல்ல.

நம் ஊர் வகுப்புகளில் கையைக் கழுவு, நகத்தை வெட்டு, புகையிலை போடாதே என்று சொல்லித் தருகிறார்கள். வேண்டியவைதான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மிஞ்சிய சால்னாவை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. இருபது லிட்டர் சால்னா, கனமான தேக்சா. மூடி வைத்துவிட்டு ஷட்டரை இறக்குகிறார்கள். காலையில் மேலே கை வைத்தால் ஆறியிருக்கும். நடுவில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். கறிக்குழம்பில் வளரும் கிளாஸ்ட்ரிடியம், சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் ஆகியவற்றின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. குழம்பும் சோறும் மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகுகின்றன. "காலையில் நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. பேசில்லஸ் சோற்றில் விட்டுச் செல்லும் வாந்தி நஞ்சும், விரல் புண்ணிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸின் நஞ்சும் மறுபடி சூடாக்கினால் அழியாதவை. நாற்றமும் இருக்காது, ருசியும் மாறாது. முப்பது வருட அனுபவமுள்ள மாஸ்டர் மோந்து பார்த்தாலும் தெரியாது. சால்னாவை அகலமான தட்டுகளில் நாலு விரல் உயரத்துக்குமேல் போகாமல் பிரித்து ஊற்றிச் சீக்கிரம் ஆற வைத்து ஃப்ரிட்ஜில் ஏற்ற வேண்டும். இதைப் படம் போட்டுக் காட்டினால் பத்து பேரில் ஒருவருக்குப் பதியும். அவர்கள் கடைத் தேக்சாவிலேயே தெர்மாமீட்டரை விட்டு அவர்களையே படிக்கச் சொன்னால் பத்துப் பேருக்கும் பதியும். சில நூறு ரூபாய்க் கருவி அது. எத்தனை சமையலறைகளில் இருக்கிறது?

2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா கிருமி இருப்பது உறுதியானது. கடையை நடத்தியவரோடு ஷவர்மா போட்ட நேபாளத் தொழிலாளியும் கைதானார். அடுத்த ஆண்டு நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்தார். ஷிகெல்லா பெரும்பாலும் மனித மலத்திலிருந்து கை வழியாகப் பரவுவது; நூற்றுக்கும் குறைவான கிருமிகளே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும். வயிற்றுப்போக்கோடு இருப்பவரை உணவைத் தொட விடக்கூடாது என்று நம் 2011ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஆனால் அன்றைய சம்பளம் யார் தருவது என்று அவை சொல்லவில்லை. தினக்கூலிக்கு வந்து, கடை மாடியில் படுத்து, மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பும் ஓர் இளைஞன் "எனக்குப் பேதி" என்று வாய் திறப்பானா? சொன்னால் கூலி போகும், இரண்டாவது முறை சொன்னால் வேலையே போகும்.

நியூயார்க்கின் மேரி மேலன் கதை இதைத்தான் சொல்கிறது. நோய் அறிகுறி எதுவும் இல்லாமலே டைபாய்டு கிருமியைச் சுமந்த சமையல்காரி அவர். அதற்காகத் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டிருந்தவர், இனிச் சமைக்க மாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில் 1910இல் விடுதலையானார். கிடைத்தது சலவை வேலை, அதில் வருமானம் குறைவு. வேறு பெயரில் மறுபடி சமையலுக்குப் போனார். 1915இல் அவர் சமைத்த பிரசவ மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு வந்தது. அவரை வாழ்நாள் முழுக்கத் தனித்தீவில் அடைத்து வைத்தார்கள். நிகரான சம்பளத்தில் வேறு வேலை கொடுத்திருந்தால் அந்த 25 பேர் தப்பித்திருக்கக்கூடும். நூறு வருடம் கழித்தும் நாம் அதே இடத்தில் நிற்கிறோம்.

மொழி இன்னொரு பெரிய ஓட்டை. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் இன்று ஒடிசா, பீகார், அசாம் இளைஞர்கள் ஏராளம். சுவரில் ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிவிப்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் திட்டப்படி 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருந்து, தான் கற்றதை மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். அந்த ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தால், அவர் கற்றது பாத்திரம் கழுவுபவரை எப்படிச் சென்றடையும்?

"மூன்று மாதத்தில் ஓடிவிடுகிற ஆளுக்கு எதற்குச் செலவு செய்ய?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். லாபம் குறைந்த சிறு கடைக்காரரின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆள் மாறிக்கொண்டே இருப்பதால்தான் முறை கடையில் இருக்க வேண்டும் என்கிறேன். பச்சைக் கறிக்கு ஒரு நிறப் பலகை, வெந்ததற்கு வேறு நிறம். அடுப்பின் பக்கத்திலேயே கை கழுவக் குழாயும் சோப்பும். புதிதாக வருபவருக்கு முதல் நாள் பழைய ஆளோடு நின்று பார்க்கிற வேலை. குழாய் இருபதடி தள்ளி இருக்கும் கடையில், கூட்ட நேரத்தில் பரோட்டா மாஸ்டர் கை கழுவவில்லை என்று திட்டுவது அநியாயம்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோள். உரிமம் புதுப்பிக்கும்போது சான்றிதழைக் கேட்பதோடு, போன வருடம் வயிற்றுப்போக்கு என்று சொன்ன ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்த பதிவேட்டையும் கேளுங்கள். ஒருவருக்கும் வயிற்றுப்போக்கே வரவில்லை என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கடையில் முதலில் சோதனை நடத்துங்கள்.