விளக்கும் குத்தகையும் எவர் கண்காணிப்பில்?

உள்ளூராட்சி என்றால் குப்பை அள்ளுவதும் வடிகால் வெட்டுவதுமே என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். அவ்வெண்ணம் தவறானது. ஓர் ஊரின் பொதுச் சொத்து எவர் கைக்கு, எவ்வளவு காலத்திற்கு, என்ன விலைக்குச் செல்கின்றது என்பதைத் தீர்மானிப்பது உள்ளூராட்சி மன்றமே. அவ்வூருக்கு மின்சாரம் எவ்வாறு வருகின்றது, அதனால் மக்களுக்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்று கேட்க வேண்டியதும் அம்மன்றமே. இவ்விரு கடமைகளையும் நமது மன்றங்கள் கைவிடுமாயின், அதிகாரப் பகிர்வு பற்றி மேடைதோறும் நாம் முழங்குவதனாற் பயன் யாது?

மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது எக்காலத்திலும் கொழும்பிலிருந்து மட்டும் ஆளப்பட்ட பொருளன்று. இலங்கையின் பல மாநகர சபைகளும் நகர சபைகளும் மின்சாரத்தை மொத்தமாக வாங்கித் தாமே வீடுகளுக்கு வழங்கின. கட்டணத்தையும் தாமே அறவிட்டன. 1969 இல் இலங்கை மின்சார சபை தோன்றிய பின்னரும் இம்முறை பல இடங்களில் நீடித்தது. அவ்வுரிமை எவ்வாறு பறிபோயிற்று? எவரும் படை கொண்டு வந்து பறிக்கவில்லை. கம்பிகள் பழுதடைந்தன, வழியில் விரயமாகும் மின்சாரம் பெருகிற்று, வாங்கிய மின்சாரத்திற்குச் செலுத்தவேண்டிய பணம் நிலுவையாகக் குவிந்தது. ஈற்றில், 1983 இல் லங்கா எலெக்ட்ரிசிட்டி கம்பனி நிறுவப்பட்டு, மேற்கு, தெற்குக் கரையோர மன்றங்கள் பலவற்றின் விநியோகத்தை ஏற்றுக்கொண்டது. கணக்கைக் காக்காத மன்றம் அதிகாரத்தையும் காக்கமாட்டாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.

விநியோகம் கைவிட்டுப் போனபின் நமக்கென்ன பொறுப்பு என்று கேட்போருக்குச் சுன்னாகம் விடை கூறும். அங்கே தனியார் கம்பனியொன்று எண்ணெய் எரித்து மின்சாரம் உற்பத்தி செய்து மின்சார சபைக்கு விற்று வந்தது. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. சுண்ணாம்புப் பாறையினூடே தேங்கிநிற்கும் நிலத்தடி நீரே குடிப்பதற்கும் தோட்டத்திற்கும் நமக்குள்ள முதன்மையான கதி. பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு அக்கம்பனியை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பணித்தது. மேற்பார்வைக் கடமையில் தவறிய அரச நிறுவனங்களையும் குறைகூறிற்று. அவ்வழக்கைத் தொடுத்தவர் தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர். அவருக்கு நமது நன்றி உரியது. ஆயினும் நம் கிணற்றைக் காக்கும் முதற் கண் நம் ஊரின் கண்ணாக அன்றோ இருத்தல் வேண்டும்?

வீதி விளக்கின் கதையும் இதுவே. கம்பம் மின்விநியோக நிறுவனத்திற்குரியது, விளக்கு மன்றத்திற்குரியது, இருள் மட்டும் மக்களுக்குரியதாகிவிடுகின்றது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிவகுத்தது. 2025 இல் அது திருத்தவும்பட்டது. உரிமையாளர் எத்தனை முறை மாறினும், ஊரின் எல்லைக்குள் நிகழ்வதை ஊர்மன்றத்திற்கு அறிவிக்கும் கடப்பாடு மாறலாகாது.

இனிக் குத்தகைக்கு வருவோம். சந்தை, கடைத்தொகுதி, மண்டபம், வாகனத் தரிப்பிடம் ஆகியன வரியிறுப்பாளரின் முதல். கேள்விப்பத்திரம் கோராமற் பழைய வாடகையிலேயே ஆண்டுக்கணக்காகப் புதுப்பிக்கப்படும் குத்தகை, அம்முதலைத் தனியாருக்குத் தானம் செய்வதற்கு ஒப்பானது. மன்றத்திற்குச் சொற்ப வாடகை செலுத்துபவர் அதே கடையைப் பிறருக்குப் பன்மடங்கு வாடகைக்கு விடுவாராயின், இலாபம் அவருக்கு, நட்டம் ஊருக்கு. கடையின் மின்மானி மன்றத்தின் பெயரிலேயே இருக்குமாயின் குத்தகைக்காரரின் மின்பட்டியலும் ஊரின் தலையிலேயே விழும். விளக்கும் குத்தகையும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவே.

இக்கேள்விகளை இன்று எழுப்புவதற்குத் தனியொரு காரணமும் உண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்றது. தேர்தல் பிற்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6 இல் நடைபெற்ற தேர்தலின் பின்னரே மன்றங்கள் மீண்டும் கூடின. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலான காலத்தில் ஆணையாளர்களும் செயலாளர்களுமே அதிகாரத்தைச் செலுத்தினர். அவர்கள் தவறிழைத்தார்கள் என்று நாம் கூறவில்லை. கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி எவரும் அங்கிருக்கவில்லை என்றே கூறுகின்றோம்.

ஆதலால் வடக்குக் கிழக்கிலுள்ள ஒவ்வொரு மன்றத்திடமும் நாம் கோருவன இவை. முதலாவதாக, அக்காலத்தில் வழங்கப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட குத்தகைகள் யாவும் சபையிற் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, குத்தகைப் பதிவேட்டை எவரும் பார்வையிடத்தக்க வகையில் வைத்தல் வேண்டும்: இடம், தொகை, காலம், நிலுவை, மின்மானியின் பெயர் ஆகிய ஐந்தும் அதில் இருந்தாற் போதும். மூன்றாவதாக, எரியும் விளக்கும் எரியாத விளக்கும் எத்தனை என்ற கணக்கு மாதந்தோறும் கூட்டத்தில் வாசிக்கப்படல் வேண்டும். நான்காவதாக, மின்னுற்பத்தி நிலையம் எதற்கும் ஊரில் இடமளிக்கும் முன்னர் நிலத்தடி நீர் பற்றிய அறிக்கை சபையில் விவாதிக்கப்படல் வேண்டும்.

மன்றம் மறுப்பின் மக்கள் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்தும். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கும் வழியுண்டு.

நமது கட்சிக்காரர் ஆளும் மன்றத்தை நாமே கேள்வி கேட்பதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நம்மவர் என்பதனாலேயே கேட்கின்றோம். ஒரு சந்தைக் கடையின் கணக்கைத் திறந்து காட்டத் தயங்கும் கைகளிடம் ஒரு மாகாணத்தின் திறைசேரியை ஒப்படைக்குமாறு எந்த நியாயத்தைச் சொல்லி நாம் வாதாடுவோம்? சிறியதில் நேர்மையை நிலைநாட்டுவோமாக. பெரியதைக் கேட்கும் நமது குரலுக்கு அதுவே வலுவாகும்.