பவளம் ஏன் செத்தது? ராத்திரி மூணு மணிக்குக் கிடைத்த பதில்!

"மக்கா, இன்னைக்கும் ஒண்ணு போச்சுலே..."

ஷார்ஜாவில் இருந்து அண்ணன் வீடியோ காலில் வந்தாலே போன மாதம் முழுக்க இதுதான் முதல் வார்த்தை. அண்ணன் என்றால் சித்தி மகன். சொந்த ஊர் திங்கள்சந்தை. பதினோரு வருஷமாக அங்கே ஏ.சி. மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் அவருக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, ஹாலில் இருக்கும் நாலடி கடல்நீர்த் தொட்டி. உள்ளே இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் நத்தை, கடையில் துண்டு துண்டாக வாங்கி வளர்த்த பவளங்கள். அங்கே அதற்குத் தடை இல்லை.

அந்தப் பவளங்கள்தான் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. இரவு நன்றாக இருக்கும். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் தோல் உரிந்து, வெறும் வெள்ளை எலும்பு.

"ஊருல உள்ள ஏ.சி.க்கெல்லாம் கம்ப்ளெய்ண்ட் கண்டுபிடிக்கேன். எனக்க டேங்க்ல என்ன கம்ப்ளெய்ண்ட்டுன்னு தெரியல பாத்துக்க" என்று புலம்பினார். நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், உலகத்தில் எல்லாமே எனக்குத் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. சரி, சேர்ந்தே தேடுவோம் என்று உட்கார்ந்தோம்.

செடி இல்லை, கல்லும் இல்லை

பவளம் ஓர் உயிரினம். ஊசிமுனை அளவில் வாயும் கைகளும் கொண்ட ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் சேர்ந்து கட்டும் சுண்ணாம்பு வீடுதான் நாம் பார்க்கும் பாறை. அவற்றின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கும். பகலில் வெளிச்சத்தை வைத்து அவை சமைத்துக் கொடுக்கும் சாப்பாட்டில்தான் பவளத்தின் பெரும்பங்கு பிழைப்பு ஓடுகிறது. சூடு ஏறினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுத்துவிடும். வெளுத்தது உடனே சாவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் மீண்டு வரும். தோல் உரிந்து எலும்பு தெரிந்தால் அந்த இடம் செத்துவிட்டது என்று அர்த்தம். அண்ணனின் தொட்டியில் நடந்தது இரண்டாவது.

ஒவ்வொன்றாகக் கழித்தோம்

முதலில் சூடு. தெர்மாமீட்டர் 26 டிகிரி காட்டியது. பிரச்னை இல்லை.

அடுத்து உப்பு. தொட்டியில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றாமல் மறுபடி உப்புத் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அண்ணன் சரியாகவே ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியிருந்தார். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. கடல் கணக்கு.

மூன்றாவது அமோனியா. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் வரும் விஷம் இது. பூஜ்யம்.

நான்காவது சுண்ணாம்புச் சத்தும் காரத்தன்மையும். பவளம் வீடு கட்டும் சிமென்ட் இவைதான். திடீரென்று ஏறி இறங்கினால் தாங்காது. இரண்டுமே சீராக இருந்தன.

ஐந்தாவது செம்பு. மீன் நோய்க்கு ஊற்றும் சில மருந்துகளில் செம்பு இருக்கும். மீன் பிழைக்கும், பவளமும் நத்தையும் சாகும். மருந்தே ஊற்றவில்லை என்றார். கரப்பான் ஸ்பிரே? அடிக்கவில்லை. தவிர, அப்படி ஏதாவது விஷம் என்றால் நத்தையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அது ஜம்மென்று கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது.

எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆனால் பவளம் சாகிறது. அதிலும் கிளை கிளையாக வளரும் மான்கொம்புப் பவளம்தான் முதலில் போனது. உருண்டையாக, மெதுவாக வளரும் வகைக்கு அவ்வளவு சேதம் இல்லை.

சத்தம் இல்லாத ஹால்

ஒரு நாள் நள்ளிரவில் ஒரு கட்டடத்தில் ஏ.சி. ரிப்பேர் என்று அவசர அழைப்பு. போய்விட்டுத் திரும்பும்போது மணி மூன்று. கதவைத் திறந்ததும் அண்ணனுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. ஹாலில் சத்தமே இல்லை. எப்போதும் கேட்கும் பம்ப்பின் முனகல் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், கோமாளி மீன் இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன.

காரணம் ஒரு பிளக். மூன்று வாரத்துக்கு முன்பு புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி மாட்டும்போது, விளக்குக்கான டைமரிலேயே பம்ப்பையும் சேர்த்துச் சொருகிவிட்டார். இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும்போது பம்ப்பும் நின்றுவிடும். காலை எட்டு மணிக்கு இரண்டும் ஓடும். அண்ணன் ஒன்பதரைக்கே தூங்கிவிடுவார். அவரும், நர்ஸாக இருக்கும் மைனியும் காலை ஆறு மணிக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். லீவு நாளில் எட்டு மணிக்கு முன்பு எழுந்ததில்லை. பம்ப் நின்றதை யாருமே பார்க்கவில்லை!

பகலில் பாசி ஆக்சிஜன் தரும். இரவில் தராது. ஆனால் பவளம், மீன், பாக்டீரியா, ஏன் அந்தப் பாசிகூட ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். பம்ப் ஓடித் தண்ணீர் கலங்கினால்தான் காற்றிலிருந்து புதிதாக ஆக்சிஜன் கலக்கும். பம்ப் பத்து மணி நேரம் நின்றால் மூச்சுமுட்டல்தான். அண்ணன் டெஸ்ட் செய்ததெல்லாம் வேலை முடிந்து வந்து சாயங்காலம். பகல் முழுக்க வெளிச்சம் பட்டு, தண்ணீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் நேரம் அது. அன்று பின்னிரவில் பி.எச். பார்த்தார். சாயங்காலம் 8.2 இருந்தது 7.7 ஆகியிருந்தது. விடும் மூச்சு வெளியேற வழியில்லாமல், கரியமில வாயு தண்ணீரிலேயே தேங்கியதன் அடையாளம்.

"கம்ப்ளெய்ண்ட் டேங்க்ல இல்ல மக்கா, எனக்கத் தலையில" என்றார்.

இதே கதை நம் கடலிலும்

இதைக் கேட்டதும் எனக்கு 2019 ஞாபகம் வந்தது. அந்த ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்ன, எல்லோரும் ஓடிப்போய் வீடியோ எடுத்தோம், நினைவிருக்கிறதா? நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் வேலை அது. அடுத்த மாதமே மண்டபம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாக் கடல் பச்சையாக மாறியது. மீனவர்கள் 'பூங்கோரை' என்றார்கள். மீன்கள் செத்து ஒதுங்கின. அதுவும் நாக்டிலூகாதான். அது பெருகி, செத்து, அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிட்டது.

தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கடலில் இறங்கிப் பார்த்தபோது பவளங்களும் செத்திருந்தன. அங்கேயும் வேகமாக வளரும் மான்கொம்பு போன்ற வகைகள்தான் அதிகம் மாட்டின. அண்ணனின் நாலடித் தொட்டியில் நடந்தது அங்கே கடலிலேயே நடந்திருக்கிறது. பிளக்கை மாற்றிச் சொருக மட்டும் வழியில்லை.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் கடல், 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வெட்டுவது நின்ற பிறகு வந்தது வெயில். 2016 கோடையில் கடல் சூடேறியதில், அங்கே உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவிகிதத்திலிருந்து 22.7 சதவிகிதமாகச் சரிந்தது. அதே ஆராய்ச்சி நிறுவனம், 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலுக்கடியில் நட்டு வளர்த்து வருகிறது. நாற்று நடுவதுபோல, ஒவ்வொன்றாகக் கையால்.

ஊருக்கு வரும்போது...

அண்ணன் அடுத்த வருஷம் ஊரோடு வந்துவிடப் போகிறார். திங்கள்சந்தையில் வீடு கட்டியாகிவிட்டது. ஹாலில் ஆறடிக்கு ஒரு சுவரைத் தொட்டிக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். "இங்க உள்ள பவளத்தையும் எப்படியாச்சும் கொண்டு வந்துருவேன்" என்றார். அப்போதுதான் அதைச் சொல்ல வேண்டி வந்தது.

இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் எல்லாமே அதில் சேர்த்தி. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. செத்த பவளத்தின் எலும்பை அலமாரியில் அழகுக்கு வைப்பதும் குற்றம்தான். கடையில் வாங்கிய ரசீதைக் காட்டித் தப்ப முடியாது. ஆன்லைனில் 'ரீஃப் டேங்க் செட்டப்' என்று விளம்பரம் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதை ஒருமுறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பதினோரு வருஷமா எனக்கு இங்க கூட்டுக்குக் கெடந்தது அதுதானலே" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அங்கேயே தெரிந்த யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள், இங்கே நன்னீர்த் தொட்டி வைப்போம், செடி வளர்ப்போம் என்றேன். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது, ஒரு நாள் போய் வருவோம் என்றும் சொன்னேன்.

நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். பாதி செத்துப்போயிருந்த ஒரு பவளத்தின் ஓரத்தில், மறுபடி தோல் படர ஆரம்பித்திருக்கிறது. கீழே ஒரே ஒரு வரி:

"கொடுக்கும்போது நல்லா இருக்கணும்லா."