பொத்தானை அமுக்குகிற வேலையா?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்களில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "என்ஜினீயரிங்கா, மெடிக்கலா?" இரண்டும் இல்லை என்று பதில் வந்தால் கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் படரும். பிறகு காப்பியைக் கொடுத்துப் பேச்சை மாற்ற வேண்டியதுதான். இந்த ஆண்டு நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெண் குழந்தை, "நான் ரேடியாலஜி டெக்னாலஜி படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள். வீடு இரண்டு பட்டுவிட்டது. "எக்ஸ்ரே எடுக்கிற வேலையா? பொத்தானை அமுக்குவதற்கு மூன்று வருஷம் படிப்பா? நாளைக்கு எவன் வந்து கட்டிக்கொள்வான்?" என்று பாட்டி வரை பேசியாயிற்று. என்னிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் நின்றுகொண்டே சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உமக்கு இதில் என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் டாக்டர் அல்ல. மதுரை தமிழ்நாடு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, 1982-இல் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்து, நாக்பூருக்கு வந்து, தண்டவாளத்தோடு 37 ஆண்டுகள் குடித்தனம் நடத்தி 2019-இல் ஓய்வு பெற்றவன். அதில் சில ஆண்டுகள், தண்டவாளத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கிற அல்ட்ராசோனிக் சோதனைப் பிரிவில் இருந்தேன். தள்ளுவண்டி போன்ற ஒரு கருவியைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டும். ஒலி அலை உள்ளே போய் விரிசலில் மோதித் திரும்பினால் திரையில் ஒரு முள் எழும்பும். ஆஸ்பத்திரியில் வயிற்றில் பசை தடவி ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே தத்துவம்தான். அங்கே பசை, இங்கே தண்ணீர்.

எழும்பிய முள் விரிசலா, போல்ட் ஓட்டையா, வெறும் துருவா என்பது கருவிக்குத் தெரியாது. தள்ளுகிற ஆளுக்குத்தான் தெரியும். ஆபத்தான விரிசல் என்றால் சிவப்பு வர்ணத்தில் மூன்று பெருக்கல் குறி போட்டு, வண்டிகளின் வேகத்தை 30 கிலோமீட்டருக்கு இறக்கி, மூன்று நாளைக்குள் அந்தத் துண்டையே மாற்றியாக வேண்டும். ஆகவே கருவியோடு வேலை செய்கிறவனைப் பார்த்து யாராவது "பொத்தானை அமுக்குகிறவன்" என்றால் எனக்கு இந்த வயதிலும் சுருக்கென்று கோபம் வருகிறது.

இன்னொரு தகுதியும் உண்டு. என் தம்பி மகள் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் இதே வேலை பார்க்கிறாள். தம்பி வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, இரவு வேலை முடிந்து வந்து சாப்பிடும் நேரத்தில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நோயாளிகளின் பெயரைச் சொல்லமாட்டாள், அது அவர்கள் சட்டம். வேலையைப் பற்றி நிறையச் சொன்னாள்.

அந்த நாட்டில் யுத்தத்துக்குப் போய் வந்தவர்களைக் கவனிக்கத் தனி அரசுத் துறையே இருக்கிறது. 1930-இல் ஒரு நிர்வாக அமைப்பாக உருவாகி, 1989-இல் மந்திரிசபைத் துறையாக உயர்ந்தது. நாடு முழுவதும் சுமார் 170 பெரிய ஆஸ்பத்திரிகள். பதிவு செய்துகொண்டவர்கள் 90 லட்சத்துக்கு மேல். எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை இந்தத் துறை முன்னோடி என்றே சொல்ல வேண்டும். பால்டிமோர் நகரிலுள்ள அவர்களுடைய ஆஸ்பத்திரி 1993-இலேயே பிலிமை ஒழித்துவிட்டுப் படங்களை முழுக்கக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்தக் காலத்தில் நாமெல்லாம் ஈரம் காயாத பிலிமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நம் நாட்டில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு 2003-இல் வந்த இ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது. ரயில்வே ஓய்வூதியர்களான எங்களுக்கு 1997-இல் வந்த திட்டத்தின்படி ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. அந்த அளவில் அந்தக் கிழவர்களின் வரிசை எனக்கு அந்நியமில்லை.

என் தம்பிக்கும் மகள் டாக்டராகவில்லை என்ற மனக்குறை இருந்தது. அவள் இரண்டு வருஷப் படிப்பும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் முடித்து, தேசிய அளவில் நடக்கும் தேர்வில் தேறி வேலைக்குப் போனாள். அதோடு விட்டுவிடுவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 24 மணி அளவுக்குப் புதிய பாடம் படித்ததாகக் கணக்குக் காட்டினால்தான் சான்றிதழ் நீடிக்கும். நம்மில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்த பிறகு புத்தகத்தைத் திறந்தோம் என்பதை அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். அவளிடம் வருகிறவர்களில் வியட்நாம் யுத்தத்தில் இருந்தவர்கள் நிறைய. அந்த யுத்தம் முடிந்தது 1975-இல், ஆகவே அவர்களில் இளையவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. 1950-இல் தொடங்கிய கொரியா யுத்தத்துக்குப் போனவர்கள் தொண்ணூறைத் தாண்டியவர்கள். பீரங்கிச் சத்தமும் ஹெலிகாப்டர் சத்தமும் பலருக்குக் காதைப் பாதித்துவிட்டன. மார்பு எக்ஸ்ரேக்கு "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று கண்ணாடிக்கு அப்பால் நின்று சொன்னால் காதில் விழாது. மூச்சை விட்ட நிலையில் படம் எடுத்தால் நுரையீரல் சுருங்கி, இல்லாத நோய் இருப்பது போலத் தெரியும். அதனால் முன்னாலேயே பக்கத்தில் நின்று, கையை மார்பில் வைத்து உயர்த்திக் காட்டி, எந்தச் சைகைக்கு என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு முறை பழக்கிவிட்டுத்தான் உள்ளே போவாளாம். "பெரியப்பா, நீங்கள் கொடி காட்டுவதாகச் சொல்வீர்களே, அதேதான்" என்றாள்.

பின்னாலிருந்து தொடக் கூடாது. தோளைத் திருப்ப வேண்டுமென்றால், "இப்போது உங்கள் வலது தோளைத் தொடப் போகிறேன்" என்று முன்னால் நின்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய காடு சிலருக்கு இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. திடுக்கிட்டால் கை ஓங்கிவிடும். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்தால் டமடமவென்று அடிக்கிற சத்தம் அவர்களுக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தும். ஒருவர் பாதியில் வெளியே இழுக்கச் சொல்லி, வியர்த்து உட்கார்ந்துவிட்டாராம். அன்றைக்குப் படம் இல்லை. அவரை அனுப்பிவிடாமல் அந்தச் சத்தத்தை வெளியே உட்கார வைத்தே கேட்கச் சொல்லி, வேறொரு நாள் வரவழைத்து எடுத்திருக்கிறாள். இதற்கு எந்தப் பொத்தான் இருக்கிறது?

எம்.ஆர்.ஐ. என்றதும் நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று ஞாபகம் வருகிறது. அது பெரிய காந்தம். உடம்புக்குள் இரும்புத் துண்டு இருந்தால் அசைந்துவிடலாம். குண்டு வெடித்துத் தெறித்த சில்லுகளைப் பல வருஷமாக உடம்பில் சுமப்பவர்கள் அங்கே வருவதால், உள்ளே விடுவதற்கு முன் துருவித் துருவிக் கேட்பார்கள். கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டிருந்தால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி. கண்ணுக்குள் இருந்த சின்னத் துகள் காந்தத்தில் நகர்ந்து ஒருவருக்குப் பார்வை போன சம்பவம் 1980-களிலேயே மருத்துவ உலகில் பதிவாகியிருக்கிறது. யுத்தத்துக்குப் போனவர்களுக்கு மட்டும் வருகிற ஆபத்து அல்ல இது. தண்டவாளம் கிரைண்ட் செய்தவர்கள், வெல்டிங் ஆட்கள், வொர்க் ஷாப் ஃபிட்டர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

படத்தின் ஓரத்தில் இடது, வலது என்று காட்டுகிற ஈய எழுத்து ஒன்று விழும். அந்த எழுத்தோடு எடுத்தவரின் பெயர் முதலெழுத்தும் சேர்ந்து இருக்கும். பத்து வருஷம் கழித்து யார் எடுத்துப் பார்த்தாலும் இது இன்னார் எடுத்த படம் என்று தெரியும். நம் தெர்மிட் வெல்டிங் இணைப்பிலும் மாதம், வருஷம், வெல்டரின் குறியீட்டு எண் எல்லாம் பதித்திருக்கும். இதை அவளிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே சந்தோஷம்.

எல்லாவற்றிலும் கடினமானது வாயைக் கட்டுவது. படம் திரையில் வந்ததும் முதலில் பார்ப்பவள் அவள்தான். 2022-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. போர்க்களத்தில் குப்பைக் கிடங்குகளை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கும் மற்ற நச்சுப் பொருள்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சலுகைகளை விரிவாக்கிய சட்டம் அது. நுரையீரல் படம் எடுக்க வருகிறவர்கள் அவளிடம் ஏராளம். ஒரு நிழலைக் கண்டால் அவள் மனத்தில் ஏதோ தட்டும். கிழவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்பார். சொல்லக் கூடாது. அதைப் படித்துச் சொல்லும் அதிகாரம் கதிரியக்க டாக்டருக்குத்தான். பொய்யும் சொல்லக் கூடாது. முகத்தை மாற்றிக்கொள்ளவும் கூடாது. "டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார், படம் தெளிவாக வந்திருக்கிறது" என்று சொல்லி, அவர் கோட்டை மாட்டிக்கொள்ள உதவி, கதவு வரை கொண்டுபோய் விடுவாளாம். அவசரமான நிழல் என்றால் அவர் காரில் ஏறுவதற்குள் டாக்டருக்குப் போன் போயிருக்கும். இருபத்தேழு வயதுப் பெண் இதைத் தினமும் செய்கிறாள். "சாப்பிடப் பிடிக்காத நாளும் உண்டு பெரியப்பா" என்று ஒருநாள் சொன்னாள். தம்பி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அவளுக்கு மோர் கலந்து கொண்டுவந்து வைத்தான்.

இந்த வேலையைத் தெரியாதவர் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. என் மனைவிக்கு முழங்கால் வலி. ஒரு ஸ்கேன் சென்டரில், பெயர் வேண்டாம், படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தான் ஒரு பையன். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் மேஜையில் போட்டுவிட்டார். முழங்கால் தேய்மானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நோயாளி நிற்க வேண்டும், உடம்பு பாரம் காலில் இறங்கினால்தான் மூட்டின் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். பணமும் போயிற்று, ஒரு நாளும் போயிற்று, தேவையில்லாத கதிரும் பட்டது. அந்தப் பையனைத் திட்டி என்ன பயன்? அவனுக்கு யாரும் முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். பொத்தானை அமுக்க மட்டும் கற்றுக்கொடுத்து உட்கார வைத்தால் இப்படித்தான்.

கதிர்வீச்சுப் பயத்துக்கு வருகிறேன், பாட்டியின் உண்மையான கவலை அதுதான். தம்பி மகளுக்கு வந்த ஒரு வரனும், "குழந்தை பிறக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நழுவியது. பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த புதிதில் ஆபத்து யாருக்கும் தெரியவில்லை. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கைகள் புண்ணாகி 1904-இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். இன்றைய கதை வேறு. படம் எடுப்பவர் ஈயம் பதித்த தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார். சட்டையில் ஒரு சின்னப் பட்டை மாட்டியிருப்பார், எவ்வளவு கதிர் பட்டது என்பது அதில் பதிவாகும். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும். மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் நம் எல்லோர் மேலும் இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் படுகிறது. ஒரு மார்பு எக்ஸ்ரே அதில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. இந்தியாவில் இந்தத் தொழிலாளர்களுக்கு அனுமதித்த அளவு, ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் அந்த எல்லைக்கு வெகு கீழேயே இருக்கிறார்கள். கருவுற்ற பெண்ணுக்குத் தனி எல்லை, தனி வேலை ஏற்பாடு உண்டு. எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிரே கிடையாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம் என்பது நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் யாரும் பெண் எடுக்காமலா இருக்கிறார்கள்?

இதையெல்லாம் சொல்வதால் நான் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடச் சொல்லவில்லை. நம் நாட்டில் தனியார் சென்டர்களில் ஆரம்பச் சம்பளம் குறைவு, இரவு வேலை உண்டு. ஆறு மாதத்தில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் கடைகளும் தெருவுக்குத் தெரு உண்டு. 2021-இல் துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்தப் பார்லிமென்டில் சட்டம் வந்தது. இந்தத் தொழிலும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கீகாரம் இல்லாத படிப்பில் பணத்தைப் போடாதீர்கள். சொந்த ஊர்ப் பக்கம் அனுப்ப நினைப்பவர்களுக்கு, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியின் பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934-இலிருந்து இருக்கிறது. இந்தத் துறை நம்மவர்களுக்குப் புதிதல்ல.

அந்தப் பெண்ணின் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, மாணவர்கள் நோயாளி பக்கத்தில் நின்று எத்தனை மாதம் பழகுகிறார்கள், சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அவர்கள் கைக்கு வருகின்றனவா, கடைசி ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று நான்கு கேள்வி கேளுங்கள். அவர்களுக்கும் மார்பில் மாட்டும் பட்டை உண்டா என்று பாருங்கள், அது இல்லாத இடம் வேண்டாம். முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள். எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும் வெளியே நிற்கச் சொல்லுங்கள்.