அஞ்ச வேண்டியது எது?

சாம்பியன் ரீப்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் தங்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். கோலார் தங்கவயலின் அந்தப் பகுதியில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் பூமியிலிருந்து வெளியே வந்தது.

அந்தத் தங்கத்தின் கதையை நான் எழுதப் போவதில்லை. அதே மண்ணில் நாம் கற்க வேண்டிய வேறொரு பாடம் கிடக்கிறது. மக்கள் அஞ்சுவது ஒன்று. மக்களைக் கொல்வது மற்றொன்று. அரசாங்கத்தின் சட்டமும் திட்டமும் இவ்விரண்டில் எதன் பின்னே செல்கின்றன? இதுவே கேள்வி.

முதலில் மக்களைக் கொன்றது எது என்று பார்ப்போம். சாம்பியன் ரீப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. அத்தனை ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல் இருக்கும். மேலேயுள்ள மலையளவு பாரத்தைத் தாங்கமாட்டாமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். கீழே வேலை செய்தவர்கள் அதில் நசுங்கினார்கள். மேலே தெருவிலிருந்த வீடுகளும் அதிர்ந்தன. ஆனால் பாறை வெடிப்பைக் காட்டிலும் கொடியது, சத்தமே இல்லாமல் வேலை செய்த வேறொன்று. அதுதான் தூசி. தங்கம், படிகக்கல்லின் நரம்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அந்தக் கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். தங்கிய இடமெல்லாம் தழும்பாக மாறும். தழும்பேறிய நுரையீரல் காற்றை வாங்காது. சிலிகோசிஸ் என்று பெயர் பெற்ற இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை.

1940-க்கும் 1946-க்கும் இடையில் தங்கவயல் தொழிலாளர் 7,600 பேருக்கு மேல் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் பற்றியிருந்தது கண்டறியப்பட்டது. இந்நோயைக் கருதி மைசூர் சமஸ்தானத்தில் தனி விதிகள் வகுக்கப்பட்டதும் 1940-இல்தான். சுரங்கம் தொடங்கியது 1880. எண்ணிப் பாருங்கள், 60 ஆண்டுகள்! இரண்டு தலைமுறை மூச்சுத் திணறிய பிறகே சட்டம் கண் விழித்தது.

ஏன் இத்தனை காலம் ஆயிற்று? அந்தத் தூசியைக் கண்டு எவரும் அலறவில்லை. அது பழகிய பகையாகி விட்டது. கூலியோடு சேர்ந்து வருவது, தலையெழுத்து என்று தொழிலாளி பொறுத்துக்கொண்டான். இருமல் அவன் வீட்டுக்குள்தான் கேட்டது, பங்களாவுக்குக் கேட்கவில்லை.

இனி, மக்கள் அஞ்சிய கதைக்கு வருவோம். அதன் வேரும் இதே சாம்பியன் ரீப்ஸில்தான் இருக்கிறது. பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக் கழகத்தாருடனும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகத்தாருடனும் சேர்ந்து, இச்சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை நிறுவினார்கள். வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்களையெல்லாம் பாறை வடிகட்டிவிடும். எதனாலும் தடுக்க முடியாத நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். அதைப் பிடிப்பதே அவர்கள் நோக்கம். 1965-இல் பிடித்தும் விட்டார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களுள் ஒன்று என்ற புகழ் சாம்பியன் ரீப்ஸுக்கு உரியது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது கண்டறியப்பட்டது. சாம்பியன் ரீப்ஸ் ஆராய்ச்சி 1990-களின் தொடக்கம் வரை நடந்தது. கல் உடைத்த தொழிலாளியும் நியூட்ரினோவைத் தேடிய விஞ்ஞானியும் ஒரே சுரங்கத்துக்குள்தான் இறங்கி ஏறினார்கள். தொழிலாளியின் நுரையீரலை அரித்தது தூசி, நியூட்ரினோ அன்று.

இந்தத் துகள் நம்மை ஒன்றும் செய்வதில்லை. சூரியனிலிருந்து மட்டும், உங்கள் விரல் நகமளவு இடத்தின் வழியே ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் பாய்ந்து செல்கின்றன. இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதும் செல்கின்றன; உறங்கும்போதும் செல்கின்றன. ஆராய்ச்சிக் கூடம் அவற்றை உண்டாக்குவதில்லை, எண்ணிப் பார்க்கிறது, அவ்வளவே. மழையை அளக்கும் கருவி மழையைப் பெய்விப்பதில்லை அன்றோ?

அப்படியிருந்தும், சாம்பியன் ரீப்ஸ் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய ஆராய்ச்சி தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் என்ன ஆயிற்று? மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் குகை குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 1,500 கோடி ரூபாய். உடனே அச்சம் கிளம்பிற்று. கதிர்வீச்சு வரும் என்றார்கள். அணுக்கழிவைப் புதைக்கவே குகை என்றார்கள். அமெரிக்காவிலிருந்து பாய்ச்சும் கதிர் ஆயுதமாகும் என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேலையை நிறுத்தி வைத்தது. 2021-இல் தமிழக முதலமைச்சர் திட்டத்தைக் கைவிடும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலும் எதிர்ப்பைத் தெரிவித்தது.

இங்கே நீதி தவறாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிர்த்தவர் எல்லாரும் அறியாதவர் அல்லர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடி வைக்கலாமா, புலிகள் நடமாடும் வழி என்னாகும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்களும் உண்டு. 2022-இல் தமிழக அரசு காட்டிய காரணமும் காடும் புலியுமே. இவை விடை வேண்டிய கேள்விகள். ஆனால் மேடைகளில் உரக்க ஒலித்தது கதிர்வீச்சு. பொய்யச்சத்தின் ஆரவாரத்தில் மெய்க் கேள்விகள் அமுங்கிப் போயின. விஞ்ஞானிகளோ பொய்யச்சத்தை மறுத்துவிட்ட நிம்மதியில், மெய்க் கேள்விக்கும் விடை சொல்லிவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள். சுற்றுச்சூழல் ஆய்வைச் செய்த நிறுவனத்துக்கு அதற்குரிய அங்கீகாரமே இல்லை என்ற குறை எழுந்து, 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. இப்படிப்பட்ட அலட்சியத்தைக் கண்ட மக்கள் எதை நம்புவார்கள்?

தங்கவயலுக்கே திரும்புவோம். 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, அணுக்கழிவைக் கோலாரின் கைவிட்ட சுரங்கத்தில் வைக்கலாம் என்ற பேச்சு அரசுத் தரப்பிலிருந்து எழுந்தது. தங்கவயல் கொதித்தது. சில நாட்களுக்குள், அப்படியொரு திட்டம் இல்லை என்ற மறுப்பும் வந்தது. 1980-களில் அங்கே ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது மெய். மின்சாரத்தால் பாறையைச் சூடேற்றி, அது எப்படித் தாங்குகிறது என்று பார்த்தார்கள். கதிரியக்கப் பொருள் எதையும் வைக்கவில்லை. ஆயினும் இந்த முறை மக்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது. நூறாண்டு குடைந்து விரிசல் கண்ட பாறை, இறைப்பதை நிறுத்தியபின் நீர் நிறைந்த சுரங்கம். இதில் அணுக்கழிவா என்று கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. அந்தப் பாறையின் குணம் அங்கே வேலை செய்தவனுக்குத் தெரியும்.

ஆகவே, 'மக்களுக்கு விஞ்ஞானம் தெரியாது, அச்சத்தைப் பொருட்படுத்தாதே' என்று சொல்பவர்களோடு நான் உடன்பட முடியாது. போபாலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள தொழிற்சாலையின் ஆபத்தை 1982-லேயே ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் எழுதி எச்சரித்தார். அது வீண் பயம் என்று ஒதுக்கப்பட்டது. 1984 டிசம்பரில் நச்சுக் காற்று ஊருக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அன்று போதிய அச்சம் இல்லாததே குற்றமாயிற்று.

அப்படியானால் அச்சத்தைத் துரத்துவதா, அதன் பின்னே ஓடுவதா? இரண்டும் தவறு. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்தறிவதையே வள்ளுவர் அறிவு என்று கொண்டார். மனித மனம் புதியதற்கு அஞ்சும், கண்ணுக்குத் தெரியாததற்கு அஞ்சும், தன்னைக் கேளாமல் தன் தலையில் ஏற்றப்பட்டதற்கு அஞ்சும், பழகியதற்கு அஞ்சாது. 2022-இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நாம் பேருந்துப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே கல்லூரிக்கு வருகிறோம். இது மனித இயல்பு. அரசாங்கத்தின் இயல்பும் இதுவாகவே இருந்துவிட்டால், அலறத் தெரிந்தவனுக்குத் தடையுத்தரவு கிடைக்கும். இருமி மாய்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. பெரும்பாலும் இருமுகிறவன் ஏழை. அவனுக்கு வக்கீல் இல்லை, பத்திரிகை இல்லை. அதனால்தான் இதை வெறும் விஞ்ஞானக் கணக்கு என்று நான் எண்ணவில்லை. இது சமூக நீதியின் கணக்கு.

ஒரு திட்டம் வரும்போது மூன்று கேள்விகளை முறையாகக் கேட்போம். ஆபத்து எவ்வளவு? அது யார் தலையில் விழுகிறது? அதை அளந்தவர் யார்? முதற் கேள்வி பொய்யச்சத்தைத் தீர்க்கும். இரண்டாவது, சத்தமின்றிச் சாகிறவனைக் கணக்கில் சேர்க்கும். மூன்றாவது, மக்களின் ஐயத்துக்கு மதிப்பளிக்கும். ஏனென்றால் லாபம் அடைகிறவனே ஆபத்தையும் அளந்தால் அவன் சொல்லை எவரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை.

இம்மூன்றையும் கேட்க வேண்டிய நேரம் சாம்பியன் ரீப்ஸ் மக்களுக்கு மறுபடியும் வந்திருக்கிறது. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுமண் 13 மேடுகளாக, 1,000 ஏக்கர் அளவில், 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. சயனைடு மலை என்று ஊரார் அதை அழைக்கிறார்கள். மிச்சமிருக்கும் தங்கத்துக்காக அந்த மேடுகளைத் தோண்ட மத்திய அரசு முன்வைத்த திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. வேலை வரும் என்று இளைஞர்கள் மகிழ்வது இயல்பே. சயனைடு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவோரும் இருப்பார்கள். ஆனால் சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதையாதது படிகக்கல் தூசி. பாட்டன் நுரையீரலை அரித்த அதே தூசிதான் பொடிக்கப்பட்டு, நைந்து, மேடாக நிற்கிறது. காற்று வீசும் மாதங்களில் இன்றே அது வீடுகளுக்குள் வருகிறது. மண்வாரி இயந்திரங்கள் இறங்கினால் எவ்வளவு வரும்?

மாணவ நண்பர்களே, பெயரைக் கண்டு அஞ்சி, பொருளைக் காணாமல் விட்டுவிடும் பழைய தவறு அங்கே மீண்டும் நடக்கலாகாது. தோண்டுவதற்கு முன்பே காற்றில் தூசியின் அளவை எடுக்க வேண்டும். தோண்டும் கம்பெனிக்குத் தொடர்பில்லாதவர்கள் அதை அளக்க வேண்டும். அந்த எண்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெருமுனைப் பலகையில் எழுதப்பட வேண்டும். முன்னாள் தொழிலாளருக்கும் மேட்டையொட்டி வாழும் குழந்தைகளுக்கும் மார்புச் சோதனை நடக்க வேண்டும். ஈரப்படுத்தாமல் ஒரு கூடை மண்ணும் அள்ளக் கூடாது என்ற விதி, முதல் நோயாளிக்கு முன்பே பிறக்க வேண்டும். பௌதிகமும் மருத்துவமும் சட்டமும் படிக்கும் நாம் இவற்றை விளக்கிச் சொல்லவும், வற்புறுத்திக் கேட்கவும் கடமைப்பட்டவர்கள். சென்ற முறை விதி வருவதற்கு 60 ஆண்டுகள் ஆயின. இம்முறை அத்தனை நாள் காத்திருக்க அந்தத் தெருக்களில் வாழ்பவர்களுக்கு மூச்சு இல்லை.