இருபுறமும் வாசிக்கும் எழுத்து



‘பச்சை குத்துவது பாவமா, சாமி?’ என்று தாய்மார் அடிக்கடி கேட்கின்றனர். கல்லூரிக்குச் சென்ற மகன் விடுமுறைக்கு வரும்போது முன்கையில் ஏதோ விளங்காத எழுத்தோடு வந்து நிற்கிறான்; வீடே கலங்குகிறது. அவ்வாறு விளங்காதவற்றுள் ஒருவகை, தலைகீழாய்த் திருப்பினாலும் வாசிக்கக்கூடிய எழுத்தோவியமாகும். ஆம்பிகிராம் என்பது அதன் பெயர்.

ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் ‘என்’ தலைகீழானால் ‘யு’ ஆகும். ‘ஓ’, ‘எஸ்’, ‘எக்ஸ்’ மாறுவதில்லை. இணங்காத எழுத்துக்களை ஓவியர் வளைத்தும் நீட்டியும், ஒன்றின் பாதியை மற்றொன்றோடு சேர்த்தும் வழிக்குக் கொணர்வர். இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான ஜான் லாங்டன். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த டான் பிரவுனின் ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ என்னும் நாவலுக்கு இவரே எழுத்தோவியங்கள் தீட்டினார். கதைத் தலைவனுக்கு இவர் பெயரின் பிற்பாதியே சூட்டப்பட்டது. திருச்சபையைப் பற்றி அந்நாவல் சொல்வதை வரலாறென்று கொள்ளவேண்டா. ஓவியங்கள் அழகியவை என்பதை மறுப்பதற்கில்லை.

பச்சை குத்துவோர் இதனை விரும்பக் காரணமுண்டு. மணிக்கட்டில் எழுதும் சொல் எதிரில் நிற்பவருக்கு நேராயிருந்தால், எழுதிக்கொண்டவருக்குத் தலைகீழாய்த் தெரியும். ஆம்பிகிராமோ இருவருக்கும் ஒன்றுபோல் வாசிக்கும்.

இச்சிக்கலே இல்லாத குறியொன்று எருசலேமில் நெடுங்காலமாக உண்டு. அங்கே பழைய நகரில் காப்திக் கிறிஸ்தவரான ரஸ்ஸூக் குடும்பத்தார், மர அச்சுக்களைக் கையிற் பதித்து, அந்த வரைவின்மேல் யாத்திரிகருக்குப் பச்சை குத்தி வருகின்றனர். நடுவே பெரிய சிலுவையும் நான்கு மூலைகளில் சிறு சிலுவைகளுமாக அமைந்த எருசலேம் சிலுவையை எப்புறம் திருப்பினும் அது அதுவே. பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஏழாம் எட்வர்டு, 1862-இல் இளவரசராய் அங்குச் சென்றபோது கையில் சிலுவை குத்திக்கொண்டார். எகிப்து நாட்டுக் காப்திக் கிறிஸ்தவர் பலருக்கு வலது மணிக்கட்டுச் சிலுவை இன்றும் அடையாளம்.

‘லேவியர் 19:28 தடுக்கிறதே?’ என்பீர்கள். இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்த்தே அங்குத் தடை கூறப்பட்டுள்ளது. 2018-இல் உரோமையில் உக்ரேனியக் குருமாணவர் ஒருவர் இதுபற்றி வினவியபோது, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், அஞ்சவேண்டாமென்றும், மிகையே குற்றமென்றும், அக்குறி எதைச் சுட்டுகிறதென அவ்விளைஞரிடமே கேட்டு உரையாடலைத் தொடங்கலாமென்றும் விடையளித்தார்.

எனவே தாய்மார் முதலில் கேட்கட்டும்; கண்ணீர் பிறகு வடிக்கலாம். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் சேர விழைவோர், வணக்கம் செலுத்தும் வலக்கையில் குத்தினால் தகுதியிழப்பர் என்பதையும் சொல்லி வைக்கட்டும்.

நம் பங்கு இளைஞன் ஒருவன் அண்மையில் ஒரு வரைபடம் கொண்டுவந்தான். நேராகப் பிடித்தால் அவன் பெயர். திருப்பினால் ஒரு பெண்ணின் பெயர். ஒரே கோடுகள் இரு பெயருக்கும் உழைக்கின்றன. ஆகவே, ஒன்றை மட்டும் அழிக்க ஒருக்காலும் இயலாது. இதை அவனிடம் சொன்னபோது சற்று மௌனமாயிருந்தான். ‘அவள் வீட்டாருக்குத் தெரியுமா?’ என்றேன். தெரியாது. ‘அப்படியாயின் மணப்பதிவேட்டில் இரு பெயரும் ஏறும்வரை இது தாளிலேயே இருக்கட்டும்’ என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுவாரம் தன் தந்தையை அழைத்துக்கொண்டு அப்பெண் வீட்டுக்குச் சென்றானாம். வரும் ஞாயிறு முதல் ஓலை வாசிக்கிறோம்.