'மோட்டார் போயிடுச்சு' என்று யாராவது சொன்னால்...



செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துவைக்கும் பக்கம் ஜோராக ஓடும். துணி பிழியும் டிரையர் மட்டும் சுற்றாது. வந்து பார்ப்பவர், "மோட்டார் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்பார். காரணம் கேட்காமல் அதை ஏற்கக் கூடாது என்பது என் கட்சி. காயில் எரிவதும் உண்டுதான். பெரும்பாலும் கருகிய வாடையே காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டைமரைத் திருப்பியதும் 'ம்ம்ம்' என்று உறுமுகிறதா, ஊமையாக இருக்கிறதா?

ஊமை என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை என்று சந்தேகப்படலாம். மூடி சரியாக மூடவில்லையென்றால் அதற்குரிய சுவிட்ச் இணைப்பைத் துண்டித்துவிடும். டைமர் பழுதாகியிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். நம் வீட்டு எலிகளுக்கு வாஷிங் மெஷினின் அடிப்பாகம் மாமியார் வீடு!

உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும். நல்ல காயிலும் கருகிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு பார்க்க வேண்டியது, தண்டு கையால் சுற்றுகிறதா என்று. இங்கே ஒரு சூட்சுமம். மூடி திறந்திருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். தொட்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு 'இறுகிப்போச்சு' என்று முடிவு கட்டக் கூடாது. மூடியை மூடிவிட்டு, பின்தகட்டின் வழியாக மோட்டார் மேலுள்ள பிரேக் டிரம்மைத்தான் சுற்ற வேண்டும். அப்போதும் இறுக்கமா? பிரேக் வயர் தளர்ந்திருக்கும், அல்லது தொட்டிக்கு அடியில் கைக்குட்டையோ சாக்ஸோ சிக்கியிருக்கும்.

தண்டு லேசாகச் சுற்றுகிறது, கரண்ட் கொடுத்தால் உறுமல் மட்டும் வருகிறது என்றால் என் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர்மேல்தான். என்னிடம் இயற்பியல் படித்தவர்கள் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரே சுருளில் ஓடும் சிங்கிள் ஃபேஸ் மின்னோட்டத்தால் காந்தப்புலம் கூடிக் குறையுமே தவிர, சுழலாது. கெப்பாசிட்டர் இரண்டாவது சுருளின் மின்னோட்டத்தை ஏறக்குறைய கால் சுற்று முந்தவைக்கிறது. அதனால்தான் புலம் சுழல்கிறது. சீலிங் ஃபேன் ஓடுவதும் இதே கதைதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த 'மைக்ரோ ஃபாரட்' அந்தச் சின்ன டப்பாவின் மேலேயே அச்சாகியிருக்கும். அதே அளவு, குறையாத வோல்ட் பார்த்து மாற்ற வேண்டும். அதன் விலை மோட்டார் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் வீரத்தனம் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வேலை தெரியாதவர்கள் பின்தகட்டைக் கழற்றாதீர்கள். "கெப்பாசிட்டரைச் சோதிச்சீங்களா தம்பி?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. அரைமணி நேரம் குனிந்து பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பவருக்குக் கூலி தர மூக்கால் அழுகிறோம். புது மோட்டார் என்றால் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறோம். பிறகு அவர் எதைச் சொல்வார்? பார்த்ததற்கான கூலியை முதலிலேயே பேசி, மனதாரக் கொடுங்கள்.