பெயரைச் சுருக்கச் சொல்லாதீர்கள்



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே பேச்சு. அமெரிக்காவில் பிறந்திருக்கும் நம் வீட்டுக் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது? "வெள்ளைக்காரர் வாயில் நுழைகிற மாதிரி சின்னதாக வையுங்கள். மிண்டி கேலிங் பெயரைச் சுருக்கித்தானே பெரிய ஆள் ஆனார்?" என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் கைதட்டிவிட்டார்கள். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. குழுவில் எழுதினால் சண்டை என்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையை முழுசாகக் கேளுங்கள். மிண்டியின் அப்பா தமிழர், அம்மா வங்காளி. 1979இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். குடும்பப் பெயர் சொக்கலிங்கம். இளம் வயதில் ஸ்டாண்ட்-அப் மேடைகளில் ஏறியபோது, அறிமுகம் செய்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லத் தடுமாறினார்கள். சிலர் அதையே கேலிப் பொருளாக்கினார்கள். மற்றவர்களைச் சிரிக்கவைக்க வந்த பெண், வாயைத் திறக்கும் முன்பே சிரிப்புக்கு ஆளானார். பெயர் 'கேலிங்' ஆனது அதனால்தான். இதைச் சாமர்த்தியம் என்று நீங்கள் சொல்லலாம். நான் அபராதம் என்கிறேன். தப்பு செய்தவர் ஒருவர், கட்டியவர் இன்னொருவர்.

வெட்டு எங்கே விழுந்தது பாருங்கள். சொக்கன், லிங்கம் இரண்டும் சேர்ந்த பெயர் அது. முதலாவதில் வால், இரண்டாவதில் தலை. மிஞ்சியதில் சொக்கனும் இல்லை, லிங்கமும் இல்லை. ஆங்கிலத்தில் அந்தக் குடும்பப் பெயரை எழுதும்போதே ஒரு 'கே' குறைவு. அப்படியே வாசித்தால் சொக்கலிங்கம் சோகலிங்கம் ஆகிவிடுவார்!

சரி, புகழ் பெயரைச் சுருக்கியதால் வந்ததா? 'தி ஆபீஸ்' தொடரில் 24 வயதில் எழுத்தாளராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் அந்த எழுத்துக் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். புகழ் அந்த உழைப்புக்கு வந்தது. பின்னால் 2020இல், இன்னொருவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் நாயகி பெயர் தேவி விஸ்வகுமார். நடித்த பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். ஓரெழுத்துகூடக் குறைக்கவில்லை. உலகம் பார்க்காமலா போனது?

பெயர் நீளம் என்பதும் வெறும் சாக்கு. ஸாக் காலிஃபியனாகிஸ் என்று ஒரு ஸ்டாண்ட்-அப் கலைஞர். கிரேக்கக் குடும்பப் பெயர், சொக்கலிங்கத்தைவிட நீளம். அமெரிக்கர்கள் அதைச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஆக, இடைஞ்சல் நாக்கில் இல்லை, மனசில்தான்.

ஹஸன் மின்ஹாஜைப் பாருங்கள். அலிகரிலிருந்து போன பெற்றோருக்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அவரையும் பெயரை மாற்றச் சொன்னார்கள், அவர் மாற்றவில்லை. 2019இல் எலன் டிஜெனரஸ் நிகழ்ச்சியில் பெயரைத் தவறாகச் சொன்னபோது, அத்தனை பேர் முன்னால் நின்று திருத்தினார். சிரித்துக்கொண்டேதான் திருத்தினார், ஆனால் சரியாக வரும்வரை விடவில்லை. அரங்கம் கைதட்டியது.

மிண்டியை நான் குறை சொல்லவில்லை. சம்பாதிக்க வந்த இடத்தில் ஓர் இளம் பெண் எத்தனை பேரோடு மல்லுக்கட்ட முடியும்? என் கோபமெல்லாம், அவர் வேறு வழியில்லாமல் செய்ததைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குப் பாடமாக வைக்கிறவர்கள் மீதுதான்.

நாமும் யோக்கியர்கள் இல்லை. நம் ஊர் ஓட்டலில் தண்ணீர் வைக்கும் அஸ்ஸாம் பையனை "பையா" என்கிறோம். அவனுக்கும் ஓர் அம்மா ஆசையாகப் பெயர் வைத்திருப்பாள். அதை என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

சின்னப் பெயர் பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள். பயந்துகொண்டு மட்டும் வைக்காதீர்கள். வருகைப் பதிவேட்டைப் பிடித்த எந்த ஆசிரியரையும் கேளுங்கள், பெயரைச் சரியாகக் கூப்பிட்டால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும் என்பார். அந்தக் குழந்தைக்குப் பெயரோடு இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள்: யாராவது தப்பாகச் சொன்னால், "அப்படி இல்லை, இப்படி" என்று கூச்சப்படாமல் திருத்த வேண்டும்.

படித்தவர்கள் கீழே உங்கள் முழுப் பெயரைத் தமிழில் எழுதிவிட்டுப் போங்கள். இனிஷியலை விரித்து எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.